ஆயிரம் பேரை வரைஞ்சுக்கோங்க: தினசரி வாய்ப்புக் கணக்கு போடறதுக்கு முழு வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டி பக்கத்துல சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன், பதினொண்ணு பன்னண்டாவது பசங்க வருவாங்க, அப்பறம் அரசு வேலைக்கு பரீட்சை எழுதற பெரியவங்களும் வருவாங்க. புக்குல இருக்கற நிகழ்தகவு கணக்கை கட கடன்னு போடறவங்களே வீட்டுல ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு உக்காந்தா தடுமாறிடறாங்க, இதை நான் நிறைய தடவை பாத்துட்டேன். சூத்திரம் தெரியாததால இல்ல, எதை முதல்ல எழுதணும் எதை அப்பறம் எழுதணும்ங்கற வரிசை தப்பிடுது.

அதனால வரிசையா எழுதறேன். படி மாத்தி செய்யாதீங்க, முக்கியமா 2-ஐயும் 3-ஐயும் தாண்டி யாரும் போகாதீங்க, தப்பு பெரும்பாலும் அங்க தான் நடக்குது.

1. உக்காரறதுக்கு முன்னாடி என்ன வேணும்

ஒரு பேப்பர், ஒரு பென்சில், போன்ல இருக்கற கால்குலேட்டர். வீட்டுல தாயக்கட்டை இருந்தா அதையும் எடுத்து வச்சுக்கோங்க, ரெண்டு மூணு இடத்துல வேணும். பித்தளைல நீளமா நாலு பக்கம் இருக்குமே அது, ஒரு பக்கம் வெறுமையா, மத்த மூணு பக்கத்துல 1, 2, 3 புள்ளி.

தெரிஞ்சிருக்க வேண்டியது பின்னமும் சதவீதமும் தான். 5 சதவீதம்னா 100-க்கு 5, 1000-க்கு 50, இது யோசிக்காம வந்தா போதும். வராட்டி ஒரு நாள் அதை மட்டும் போட்டு பழகிட்டு வாங்க.

மனசுலயே போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. பயத்துல இருக்கறப்பவும் அவசரத்துல இருக்கறப்பவும் மனசு தனக்கு தோணற பதிலுக்கு ஏத்த மாதிரி கணக்கை வளைச்சுக்கும், பேப்பர்ல எழுதிட்டா அது முடியாது.

2. கேள்வியை "எத்தனைல எத்தனை"ன்னு மாத்தி எழுதுங்க

எந்த சதவீதத்துக்கும் கீழ ஒரு கூட்டம் இருக்கு. 100-க்கு 60-னா அந்த 100 யாரு, இல்ல எது, அதை முதல் வரியா எழுதணும்.

மழையை எடுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை ஏற்காடு போறோம், போன்ல பாத்தா மழைக்கு 60 சதவீதம்னு காட்டுது. இதுக்கு என்ன அர்த்தம்னு கிளாஸ்ல கேட்டா மூணு விதமா பதில் வரும், நாள்ல 60 சதவீத நேரம் பெய்யும்னு ஒருத்தர், மலைல 60 சதவீத இடத்துல பெய்யும்னு ஒருத்தர், 50-ஐ தாண்டிடுச்சு கட்டாயம் பெய்யும்னு இன்னொருத்தர். சரியான அர்த்தம் இது: இதே மாதிரி 60 சதவீதம்னு சொன்ன 100 நாளை எடுத்து அடுக்கினா அதுல சுமாரா 60 நாள் அந்த இடத்துல மழை இருக்கும், 40 நாள் இருக்காது. இங்க எண்றது எத்தனை நாள்ங்கறதைத்தான், நேரத்தையோ இடத்தையோ இல்ல.

இன்னொண்ணும் அந்த வரில எழுதணும், எந்த இடம். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி போற ஊரு, சேலம் டவுனுக்குன்னு போட்ட நம்பரை வச்சு மேல குடை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியாது. அடிவாரத்துல வெயில் அடிச்சுட்டு இருக்கும், பாதி வளைவு ஏறினதும் வைப்பர் போட வேண்டி வரும், இது நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல.

"ரெண்டு மடங்கு ரிஸ்க்"னு செய்தி வந்தாலும் இதே வேலை தான். எத்தனைல எத்தனையா இருந்தது எத்தனைல எத்தனை ஆச்சு? 10,000 பேர்ல ஒருத்தருக்கு வந்தது இப்ப ரெண்டு பேருக்கு வருதுன்னாலும் ரெண்டு மடங்கு தான், 100-ல 20 பேருக்கு வந்தது 40 பேருக்கு வருதுன்னாலும் ரெண்டு மடங்கு தான். முதல்தை கேட்டுட்டு தூக்கத்தை விட வேண்டியதில்ல, ரெண்டாவதுக்கு உடனே ஏதாவது செஞ்சாகணும். செய்தில மடங்கு மட்டும் இருந்து அடி எண்ணிக்கை இல்லன்னா அந்த செய்திலருந்து எந்த முடிவுக்கும் வராதீங்க.

3. சதவீதத்தை விட்டுட்டு ஆயிரம் பேரை பிரிங்க

இந்த வழிகாட்டிலயே பெரிய படி இது தான், பொறுமையா வாங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா, ஒரு மருத்துவ முகாம்ல டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ்னு வந்துருச்சு. ரெண்டு நாள் சாப்பிடல தூங்கல. மூணாவது நாள் எங்கிட்ட வந்து, "டெஸ்ட் 95 சதவீதம் கரெக்டா சொல்லும்னு சொன்னாங்க டீச்சர், அப்ப எனக்கு நோய் இருக்க 95 சதவீதம் சான்ஸ்னு தானே அர்த்தம்?"னு கேட்டாங்க. படிச்சவங்க படிக்காதவங்கன்னு இல்லாம எல்லாரும் இப்படித்தான் எடுத்துக்கறாங்க, ஆனா அர்த்தம் அது இல்ல.

அன்னைக்கு அவங்களுக்கு போட்டு காட்டின மாதிரியே இங்கயும் போடறேன், நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது, உங்க டெஸ்டுக்கு உண்டான நம்பரை டாக்டர்கிட்டயோ லேப்லயோ கேட்டு வாங்கிக்கணும்.

அக்கா மாதிரி எந்த தொந்தரவும் இல்லாம சும்மா முகாமுக்கு வந்த 1000 பேர்னு மேல எழுதுங்க. அதுல 20 பேருக்கு நிஜமாவே நோய் இருக்குன்னு வைங்க. மீதி 980 பேருக்கு இல்ல. பேப்பரை நடுவுல கோடு போட்டு இடது பக்கம் 20, வலது பக்கம் 980.

இடது பக்கம்: நோய் இருக்கற 20 பேர்ல டெஸ்ட் 18 பேரை பிடிச்சுரும், 2 பேரை விட்டுரும்.

வலது பக்கம்: நோய் இல்லாத 980 பேர்ல 5 சதவீதம் பேருக்கு தப்பா பாசிட்டிவ்னு காட்டும், அதாவது 49 பேர். மீதி 931 பேருக்கு சரியா நெகட்டிவ். 18-ம் 931-ம் 949, ஆயிரத்துல இத்தனை பேருக்கு சரியா சொல்லுது, அந்த 95 சதவீதம் இது தான்.

இப்ப பாசிட்டிவ் வந்தவங்களை மட்டும் ஒண்ணா கூட்டுங்க, 18-ம் 49-ம் 67. அந்த 67 பேர்ல தான் அக்கா ஒருத்தர். அதுல நிஜமா நோய் இருக்கறவங்க 18. அப்ப அக்காவோட வாய்ப்பு 67-ல 18, சுமாரா 27 சதவீதம். 95-ன்னு நினைச்சுட்டு ரெண்டு நாள் அழுதிருக்காங்க.

ஏன் இப்படி ஆகுது? நோய் இல்லாத கூட்டம் ரொம்ப பெருசு, அதுல சின்ன சதவீதம் தப்பினாலும் தலை எண்ணிக்கைல அது அதிகமாயிடுது. சதவீதமாவே யோசிச்சுட்டு இருந்தா இது கண்ணுக்கு தெரியவே தெரியாது, தலையை எண்ணினா தான் தெரியும்.

இந்த படில வழக்கமா வர்ற தப்பு மூணு. ஒண்ணு, 5 சதவீதத்தை 980-க்கு போடாம 1000-க்கு போட்டு 50-ன்னு எழுதறது, இது சின்ன தப்பு தான் ஆனா பழக்கமாயிட்டா வேற கணக்குல கவுத்துரும். ரெண்டாவது, 18-ஐ 67-ஆல வகுக்காம 20-ஆல வகுக்கறது, அப்படி போட்டா 90 சதவீதம்னு வரும், அது "நோய் இருந்தா டெஸ்ட் பிடிக்குமா"ங்கற வேற கேள்விக்கான பதில்.

மூணாவது தான் ஆபத்தானது. 27 சதவீதம் தானேன்னு அடுத்த டெஸ்டுக்கு போகாம விட்டுடறது. முகாமுக்கு வர்றதுக்கு முன்னாடி அக்காவோட வாய்ப்பு 100-ல 2, இப்ப 100-ல 27, பதிமூணு மடங்கு ஏறியிருக்கு, அதனால அடுத்த டெஸ்ட் கட்டாயம் எடுக்கணும். அக்காவும் போய் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. நோய் இருக்குன்னு வந்திருந்தாலும் நாங்க போட்ட கணக்கு சரி தான், 100-ல அந்த 27 பேருக்குள்ள ஒருத்தரா இருந்திருப்பாங்க அவ்வளவு தான்.

மேல எழுதின முதல் வரி மாறினா பதில் எப்படி மாறுதுன்னும் ஒரு தடவை போட்டு பாருங்க. தொந்தரவு இருக்குன்னு டாக்டர்கிட்ட வந்த 1000 பேர், அதுல 300 பேருக்கு நோய்னு வைங்க. டெஸ்ட் 270 பேரை பிடிக்கும், இல்லாத 700 பேர்ல 35 பேருக்கு தப்பா காட்டும். 305-ல 270, சுமாரா 89 சதவீதம். டெஸ்ட் அதே டெஸ்ட் தான், கூட்டம் தான் வேற. அதனால தான் 2-வது படியை விடாதீங்கன்னு சொல்றேன்.

4. வாக்கியத்தை திருப்பி படிச்சுடாதீங்க

"அடிபட்டவங்கள்ல இத்தனை பேர் ஹெல்மெட் போட்டவங்க", "ஹெல்மெட் போட்டவங்கள்ல இத்தனை பேர் அடிபட்டவங்க". கேக்க ஒரே மாதிரி இருக்கும், ரெண்டுக்கும் அடில இருக்கற கூட்டம் வேற வேற.

டீக்கடைல ஒருத்தர் சொன்னார், தலைல அடிபட்டு வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஹெல்மெட் போட்டவங்க தான், அப்பறம் எதுக்கு அதை மாட்டிக்கிட்டுன்னு. இதை கேட்டுட்டு சும்மா வர முடியல, ஏன்னா அதை நம்பி ஒரு பையன் மலை ரோட்ல வெறுந்தலையோட போனா என்ன ஆகறது. கடைல இருந்த பழைய பேப்பர் ஓரத்துலயே எழுதி காட்டினேன். 1000 பேர் வண்டில போறாங்க, 900 பேர் ஹெல்மெட் போட்டிருக்காங்க, 100 பேர் போடல. போட்டவங்கள்ல 18 பேருக்கு தலைல அடி, போடாதவங்கள்ல 10 பேருக்கு. அடிபட்டவங்க மொத்தம் 28, அதுல 18 பேர் ஹெல்மெட் போட்டவங்க, அவர் சொன்ன மாதிரியே பாதிக்கு மேல. ஆனா 900-க்கு 18-னா 100-க்கு 2, 100-க்கு 10-னா 100-க்கு 10. போடாதவங்களுக்கு அஞ்சு மடங்கு. நம்பர் நான் வச்சது தான், ஆனா அவர் சொன்ன வாக்கியம் பொய்யாகாமலே முடிவு தலைகீழா ஆக முடியும்னு காட்ட இது போதும்.

செய்ய வேண்டியது: "இவங்கள்ல"ன்னு வர்ற வார்த்தைக்கு கீழ கோடு போடுங்க. அது தான் வகுக்கற எண்.

5. பெருக்கறதுக்கு முன்னாடி தொடர்பு இருக்கான்னு பாருங்க

சனிக்கிழமை மழைக்கு 40 சதவீதம், ஞாயிறும் 40 சதவீதம். ரெண்டு நாளும் மழை வர என்ன வாய்ப்பு? பசங்க உடனே 0.4-ஐ 0.4-ஆல பெருக்கி 16 சதவீதம்னு எழுதிடுவாங்க.

பெருக்கலாம், ஆனா ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் சம்பந்தமே இல்லன்னா மட்டும் தான். மழை அப்படி இல்ல, ஒரு தாழ்வு நிலை வந்து நின்னுடுச்சுன்னா ரெண்டு நாளும் சேர்த்து கொட்டும், அது விலகிடுச்சுன்னா ரெண்டு நாளும் காயும். அதனால நிஜ பதில் 16-ஐ விட அதிகமா இருக்கும், 40-ஐ தாண்டாது. ரெண்டு நாள்ல ஒரு நாளாவது மழைன்னு கேட்டா, எப்படி போட்டாலும் 40-க்கு கீழயும் போகாது 80-க்கு மேலயும் போகாது. சரியான நம்பர் கிடைக்காதப்ப இப்படி ரெண்டு எல்லையை சொல்றது தப்பே இல்ல, ரூம் புக் பண்ணலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அதுவே போதும்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் இருக்கு, சம்பந்தம் இல்லாத இடத்துல சம்பந்தம் இருக்குன்னு நினைக்கறது. தாயம் விளையாடறப்ப பத்து தடவை உருட்டியும் தாயம் விழலன்னா "இப்ப விழுந்தே ஆகணும்"னு சொல்லுவாங்க. பித்தளைக்கு ஞாபகம் கிடையாது. பதினோராவது தடவையும் வாய்ப்பு முதல் தடவை இருந்த அதே வாய்ப்பு தான். மூணும் பொண்ணு, அடுத்தது பையன் தான்னு கர்ப்பமா இருக்கற பொண்ணு காதுபட பேசறவங்களுக்கும் இதே பதில், நாலாவது குழந்தைக்கும் கிட்டத்தட்ட பாதிக்கு பாதி தான். அந்த பேச்சு தப்பான கணக்கு, அதோட அந்த பொண்ணு மனசையும் நோகடிக்குது.

6. "ஒரு தடவையாவது"ன்னு வந்தா நடக்காததை போடுங்க

ரெண்டு தாயக்கட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம், மொத்தம் 16 விதமா விழலாம். தாயம்னா கூட்டி 1 வரணும், ஒண்ணுல 1 இன்னொண்ணுல வெறும் பக்கம், இல்ல அப்படியே மாத்தி. 16-ல 2, அதாவது 8-ல 1.

அப்ப 8 தடவை உருட்டினா கட்டாயம் ஒண்ணு விழும்னு பசங்க சொல்லுவாங்க, எட்டு தடவை எட்டுல ஒண்ணு முழுசா ஒண்ணு ஆயிடுச்சு இல்லையா மிஸ்னு. கூட்டினா அப்படித்தான் வரும், ஆனா கூட்டக் கூடாது. 9 தடவை உருட்டினா 112 சதவீதம்னு வரும், அதுலயே தெரியுது இது தப்புன்னு.

விழாததை போடுங்க. ஒரு தடவை விழாம போக 8-ல 7, அதாவது 0.875. 8 தடவையும் விழாம போக 0.875-ஐ எட்டு தடவை பெருக்கணும், 0.34 வரும். அப்ப ஒண்ணாவது விழ 66 சதவீதம் தான். 10 தடவை உருட்டியும் விழாம உக்காந்திருக்க 26 சதவீதம், 20 தடவை உருட்டியும் விழாம இருக்க கிட்டத்தட்ட 7 சதவீதம்.

நாலு பேர் உக்காந்து ஆளுக்கு 10 தடவை உருட்டியாச்சு, இன்னும் ஒருத்தராவது தாயம் போடாம இருக்க என்ன வாய்ப்பு? இதுவும் "ஒருத்தராவது" தான். ஒரு ஆள் போட்டிருக்க 0.74, நாலு பேரும் போட்டிருக்க 0.74-ஐ நாலு தடவை பெருக்கினா சுமாரா 0.30, அப்ப யாராவது ஒருத்தர் வெளியவே நிக்க 70 சதவீதம். அதனால எங்க வீட்டுல பொங்கலுக்கு விளையாடறப்ப தம்பி பொண்ணு "எனக்கு மட்டும் ஏன் அத்தை விழ மாட்டேங்குது"ன்னு அழுதா நான் இதைத்தான் சொல்றது, யாராவது ஒருத்தருக்கு இப்படி நடக்கறது தான் வழக்கம், இன்னைக்கு அது உனக்கு நடந்துருச்சு கண்ணு.

பிறந்த நாள் கணக்கும் இந்த வகை தான், வேகமா சொல்லிட்டு போறேன். 23 பேர் இருந்தாலே ரெண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் வர பாதிக்கு மேல வாய்ப்பு, 40 பேர் கிளாஸ்ல 89 சதவீதம். நம்ப முடியாம போறதுக்கு காரணம், "என் பிறந்த நாள் யாருக்காவது இருக்கா"ன்னு நம்மை வச்சே யோசிக்கறோம். கேள்வி எந்த ரெண்டு பேருக்காவதுன்னு. 23 பேர்ல 253 ஜோடி இருக்கு.

7. சராசரின்னு சொன்னா எந்த சராசரின்னு கேளுங்க

முதல்ல கூலி. ஒரு கொலுசு பட்டறைல 10 பேர், 9 பேருக்கு மாசம் 12,000, முதலாளிக்கு 1,50,000. கூட்டி வகுத்தா சராசரி 25,800. அந்த பட்டறைல 25,800 வாங்கற ஆளே கிடையாது. வரிசையா நிக்க வச்சு நடுவுல இருக்கறவரை பாத்தா 12,000, இதுக்கு இடைநிலைன்னு பேரு. சம்பளம், வீட்டு வாடகை, நில விலை மாதிரி ஒண்ணு ரெண்டு பேர் ரொம்ப மேல இருக்கற விஷயத்துக்கு இடைநிலையை கேளுங்க. மொத்த செலவு எவ்வளவு ஆகும்னு தெரியணும்னா கூட்டி வகுத்த சராசரி தான் உதவும்.

அடுத்து மைலேஜ். சேலத்துலருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். வண்டி ஏறறப்ப லிட்டருக்கு 30 குடுக்குது, இறங்கறப்ப 60 குடுக்குதுன்னு வைங்க. சராசரி 45-ன்னு எழுதாதீங்க. ஏற 1 லிட்டர், இறங்க அரை லிட்டர், 60 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர், அப்ப 40. ரெண்டு விகிதத்தை கூட்டி ரெண்டால வகுக்கறதுக்கு முன்னாடி மொத்த தூரத்தையும் மொத்த லிட்டரையும் எழுதுங்க, தப்பே வராது.

மூணாவது பஸ், இதுல தான் எல்லாரும் கோவப்படுவாங்க. சராசரியா 30 நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸுன்னு சொல்றாங்க, அப்ப சராசரியா 15 நிமிஷம் காத்திருந்தா போதும்ல, ஆனா நான் போறப்ப எல்லாம் அதுக்கு மேல நிக்கறேனேன்னு. நீங்க ராசி இல்லாதவங்க இல்ல. பஸ் ஒழுங்கா 30 நிமிஷத்துக்கு ஒண்ணு வராம 10 நிமிஷம் 50 நிமிஷம்னு மாறி மாறி வருதுன்னு வைங்க, இடைவெளி சராசரி 30 தான். இப்ப ஒரு மணி நேரத்துல நிமிஷத்துக்கு ஒருத்தரா 60 பேர் ஸ்டாண்டுக்கு வர்றாங்க. அதுல 50 பேர் அந்த நீள இடைவெளில மாட்டுவாங்க, சராசரி 25 நிமிஷம் நிப்பாங்க. 10 பேர் தான் சின்ன இடைவெளில வருவாங்க, 5 நிமிஷம் நிப்பாங்க. மொத்தம் 1,250-ம் 50-ம் 1,300 நிமிஷம், 60 பேருக்கு வகுத்தா கிட்டத்தட்ட 22 நிமிஷம்.

இங்கயும் கூட்டம் தான் மாறியிருக்கு. டிப்போக்காரர் பஸ்ஸை எண்றாரு, நாம நிக்கற ஆளை எண்றோம். ரெண்டு பேருமே பொய் சொல்லல.

8. கொஞ்சம் எடுத்து பாத்துட்டு முழுசுக்கும் சொல்றதுக்கு முன்னாடி

மாம்பழ சீசன்ல ஒரு பெட்டி மல்கோவா வாங்கறீங்க. அஞ்சு பழம் எடுத்து அமுக்கி பாத்தீங்க, அஞ்சும் நல்லா இருக்கு. பெட்டில பத்துக்கு ஒண்ணு கெட்டதா இருந்தாலும் அஞ்சும் நல்லதா வர 0.9-ஐ அஞ்சு தடவை பெருக்கினா 59 சதவீதம். அப்ப அந்த அஞ்சு பழம் உங்களுக்கு பெருசா ஒண்ணும் சொல்லல.

30 பழம் பாத்து ஒண்ணுமே கெட்டது இல்லன்னா? 0.9-ஐ 30 தடவை பெருக்கினா 4 சதவீதம் தான், அப்ப பத்துக்கு ஒண்ணு கெட்டதா இருக்க வாய்ப்பு குறைவுன்னு தைரியமா சொல்லலாம். இதுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு: எத்தனை பாத்தீங்களோ அதால 3-ஐ வகுங்க. 30 பாத்து ஒண்ணும் கெடலன்னா கெட்டது அதிகபட்சம் 30-ல 3, அதாவது 10 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். 300 பாத்தா 1 சதவீதம் வரைக்கும். கொலுசு வாங்கறவங்க, விதை வாங்கறவங்க, மருந்து "எங்க தெருவுல யாருக்கும் ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்க எல்லாருக்கும் இந்த சுருக்கு வழி உதவும். ஒண்ணு கூட கெட்டது வரலன்னா மட்டும் தான் இது செல்லும், ஒண்ணு வந்துட்டாலும் இதை போடாதீங்க.

எத்தனை எடுத்தோம்ங்கறதை விட எங்கருந்து எடுத்தோம்ங்கறது முக்கியம். மேல் வரிசை பழம் எப்பவும் பாத்து அடுக்கினது. மரவள்ளி கிழங்கு லோடுக்கு ஜவ்வரிசி செய்யற சேகோ மில்லுல பாயிண்ட், அதாவது மாவுச்சத்து எவ்வளவுன்னு பாத்து தான் விலை போடறாங்க, லோடுல ரெண்டு வேற வேற தோட்டத்து கிழங்கு கலந்திருந்தா மேல கிடக்கற கிழங்கோட மாவுச்சத்து மட்டும் முழு லோடுக்கும் பேசிடும், அதனால விக்கறவங்களோ வாங்கறவங்களோ யாரோ ஒருத்தருக்கு நஷ்டம். மேல, நடுவுல, அடில, ஓரத்துலன்னு பிரிச்சு எடுக்கணும், கைக்கு வர்றதை எடுக்காம முன்கூட்டியே எந்த மூட்டைன்னு சீட்டு போட்டு முடிவு பண்ணிக்கணும். 500 எடுத்தாலும் எல்லாம் மேல இருந்தே எடுத்தா அது மேல் வரிசையை பத்தின தகவல் தான்.

9. கண்ணு பட்டுருச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி

முதல் டெஸ்ட்ல 96, ஊரே பாராட்டுச்சு, அடுத்த டெஸ்ட்ல 81. கண்ணு பட்டுருச்சுன்னு பாட்டி உப்பு மிளகாய் சுத்தி போடுவாங்க, அப்பா தலைக்கனம் ஏறிடுச்சுன்னு திட்டுவாரு. பெரும்பாலும் ரெண்டுமே காரணம் இல்ல.

மார்க்குல ரெண்டு பங்கு இருக்கு, படிச்சது ஒண்ணு, அன்னைக்கு அமைஞ்சது ஒண்ணு. தெரிஞ்ச கேள்வியா வந்தது, உடம்பு நல்லா இருந்தது, இதெல்லாம் அமைஞ்சது. கிளாஸ்ல முதல் அஞ்சு இடத்துல இருக்கறவங்களை தனியா எடுத்தா அவங்கள்ல நிறைய பேருக்கு அன்னைக்கு அமைஞ்சதும் நல்லா இருந்திருக்கும், அதனால தான் அங்க இருக்காங்க. அடுத்த தடவை படிப்பு அப்படியே இருக்கும், அமைப்பு சாதாரணமாயிடும். மார்க் கொஞ்சம் இறங்கும். கடைசி அஞ்சு பேருக்கு இதே காரணத்தால கொஞ்சம் ஏறும்.

நம்ப முடியலன்னா செஞ்சு பாருங்க. 40 பேர் ஆளுக்கு ஒரு தடவை தாயக்கட்டை உருட்டட்டும், வெறும் பக்கம் ரெண்டும் விழுந்தா பன்னண்டுன்னு எடுக்காம 0-ன்னு வச்சுக்கோங்க. 5, 6 போட்டவங்க சுமாரா ஏழெட்டு பேர் இருப்பாங்க. அவங்களை மட்டும் நிக்க வச்சு பாராட்டிட்டு மறுபடி உருட்ட சொல்லுங்க, சராசரி 3 பக்கம் வந்து நிக்கும். 0, 1 போட்டவங்களை திட்டிட்டு உருட்ட சொல்லுங்க, அவங்களும் 3 பக்கம் ஏறிடுவாங்க. பித்தளை கட்டைக்கு பாராட்டும் திட்டும் தெரியாது.

நான் இதை இவ்வளவு நீட்டி சொல்றதுக்கு காரணம் இருக்கு. "திட்டினா தான் படிக்கறான், பாராட்டினா கெட்டுப் போறான், நானே பாத்துருக்கேன்"னு சொல்ற பெத்தவங்க எங்கிட்ட நிறைய வர்றாங்க. அவங்க பாத்தது நிஜம் தான், மோசமா வாங்கினப்ப திட்டினாங்க, அடுத்தது ஏறுச்சு, நல்லா வாங்கினப்ப பாராட்டினாங்க, அடுத்தது இறங்குச்சு. ஆனா ரெண்டும் அவங்க வாயை திறக்காட்டியும் நடந்திருக்கும். இந்த ஒரு கணக்கு புரியாததால எத்தனை பிள்ளைங்க வீட்டுல அடி வாங்குது.

செய்ய வேண்டியது: ரெண்டே ரெண்டு டெஸ்டை வச்சு முடிவு கட்டாதீங்க, குறைஞ்சது அஞ்சாறு மார்க்கை வரிசையா எழுதி நடு மார்க் எங்க இருக்குன்னு பாருங்க. புது உரம் போட்டதும் மிளகு விளைச்சல் கூடிருச்சு, புது மருந்து சாப்பிட்டதும் முட்டி வலி குறைஞ்சுருச்சுன்னு சொன்னாலும் இதே கேள்வி, ரொம்ப மோசமா இருந்தப்ப தானே ஆரம்பிச்சீங்க? அதே தோட்டத்துல பாதிக்கு உரம் போடாம விட்டு ஒப்பிட்டு பாத்தா தான் தெரியும்.

10. பதிலை சொல்றதுக்கு முன்னாடி சரி பாருங்க

வாய்ப்பு 0-க்கும் 100-க்கும் நடுவுல இருக்கா. பிரிச்ச கூட்டங்களை திரும்ப கூட்டினா 1000 வருதா (18, 2, 49, 931, கூட்டி பாருங்க). வகுத்த எண் நீங்க முதல் வரில எழுதின கூட்டம் தானா. இந்த மூணும் ஒரு நிமிஷ வேலை, என் கிளாஸ்ல வர்ற தப்புல பெரும்பாலானது இதுலயே பிடிபட்டுரும்.

சொல்றப்ப வீட்டுல இருக்கறவங்களுக்கு சதவீதமா சொல்லாதீங்க, "உங்களை மாதிரி 67 பேர்ல 18 பேருக்கு"ன்னு சொல்லுங்க. கேக்கறவங்க முகத்துலயே தெரியும் புரிஞ்சுதா இல்லையான்னு.

பழகறதுக்கு ஒரே ஒரு வேலை குடுக்கறேன். தாயக்கட்டையை 80 தடவை உருட்டி தாயம் எத்தனை விழுதுன்னு கோடு போட்டு எண்ணுங்க. 8-ல 1-னா 10 வரணும், ஆனா சரியா 10 வராது, 7 வரலாம் 13 வரலாம், 40 பேர் உருட்டினா அதுல சுமாரா 39 பேருக்கு 4-லருந்து 16-க்குள்ள தான் நிக்கும். அதுக்குள்ள எங்க நின்னாலும் காரணம் தேடாதீங்க, கட்டை நல்ல கட்டை தான். 20-க்கு மேல போச்சுன்னா மறுபடி ஒரு 80 உருட்டுங்க, திரும்பவும் அப்படியே வந்தா கட்டையை வெளிச்சத்துல பிடிச்சு ஏதாவது ஒரு ஓரம் தேஞ்சிருக்கான்னு பாருங்க.